கான்ஃபரன்ஸ் தாவலும் வெளியேறும் கட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பின்தொடர்பவர்களுக்குச் சில வருடங்களாகவே ஒரு தலைவலி. எந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்பது மனதில் பதிவதற்குள் அது வேறு இடத்துக்குப் போய்விடுகிறது, போன கையோடு கோடிக்கணக்கான டாலருக்கு ஒரு வழக்கும் வந்துவிடுகிறது. பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பதால் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் முதல் பழைய ரசிகர்கள் வரை கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும். தொகைகளைக் கோடி டாலரில் சொல்லியிருக்கிறேன். ஒரு கோடி டாலர் என்றால் 10 மில்லியன்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன? லீக் மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து, யார் யாரோடு எப்போது ஆடுவது என்று அட்டவணை போட்டுக்கொள்ள வைத்த சங்கமாகத் தொடங்கியது. இன்று அதன் முதல் வேலை டிவி உரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிப்பது. பிக் டென், எஸ்இசி, பிக் 12, ஏசிசி என்ற நான்கும் பெரியவை. ஐந்தாவதாக இருந்த பேக்-12 கதை கீழே வருகிறது. பிக் டென்னில் இப்போது 18 கல்லூரிகள். அட்லான்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏசிசியில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருக்கின்றன. அக்கம்பக்கம் என்பதெல்லாம் போய் ரொம்ப நாளாயிற்று.

எதற்காக இப்படித் தாவுகிறார்கள்?

டிவி பணம்தான். மற்ற காரணங்கள் எல்லாம் பத்திரிகை அறிக்கைக்கு.

1984 வரை எந்த ஃபுட்பால் ஆட்டம் டிவியில் வரவேண்டும் என்பதை என்சிஏஏ என்ற தலைமை அமைப்பே முடிவு செய்தது. (இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால்.) ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், இது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் அந்த வருடம் 7-2 என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு டிவி உரிமை கல்லூரிகள் கைக்கும், அவர்கள் வழியாகக் கான்ஃபரன்ஸ் கைக்கும் வந்தது. எந்தக் கான்ஃபரன்ஸில் பிரபலமான அணிகள் அதிகமோ அதற்கு டிவி நிறுவனங்கள் அதிகம் கொடுக்கும், எங்கே அதிகம் கிடைக்கிறதோ அங்கே பிரபலமான அணிகள் போகும். இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் பிக் டென் ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 700 கோடி டாலருக்கு மேல். 2022-23இல் பிக் டென் உறுப்பினர்களுக்குத் தலா சுமார் 6 கோடி டாலர் போனது, எஸ்இசியில் சுமார் 5.1 கோடி, ஏசிசியில் சுமார் 4.5 கோடி. புது ஒப்பந்தங்கள் முழுதாக நடைமுறைக்கு வந்தால் வருடத்துக்கு 3 கோடி டாலர் பின்தங்கிவிடுவோம் என்பது ஏசிசியில் இருக்கும் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் புலம்பல். ஒரே ஆட்டக்காரருக்காகப் போட்டி போடும் இரண்டு கல்லூரிகளில் ஒன்றின் கையில் மட்டும் வருடத்துக்கு 3 கோடி கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்தப் புலம்பல் புரியும்.

வெளியேறும் கட்டணம் என்பது என்ன? யார் வைத்தது?

உறுப்பினர்களே வைத்துக்கொண்டது. கான்ஃபரன்ஸை விட்டுப் போனால் இவ்வளவு கட்டவேண்டும், இத்தனை மாதம் முன்பே சொல்லவேண்டும் என்று விதிமுறையில் எழுதி ஓட்டுப் போட்டு நிறைவேற்றுவார்கள். சில இடங்களில் அது நிலையான தொகை, சில இடங்களில் ஒன்றிரண்டு வருடப் பங்கு அல்லது கான்ஃபரன்ஸின் வருடச் செலவில் இத்தனை மடங்கு. பெரும்பாலும் யாராவது ஒருவர் கிளம்பிப் போன மறுமாதமோ, போகப்போகிறார் என்று வதந்தி வந்தவுடனோதான் இந்தத் தொகை ஏற்றப்படும்.

இவ்வளவு பெரிய தொகை சட்டப்படி செல்லுமா?

சண்டையே அதில்தான். அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில், ஒப்பந்தத்தை முறித்தால் வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்டு ஒரு தொகை எழுதி வைக்கலாம், அது செல்லும். ஆனால் அந்தத் தொகை நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், பயமுறுத்திப் பிடித்து வைக்க மட்டும் எழுதப்பட்டது என்றால் அது அபராதம், நீதிமன்றம் அமல்படுத்தாது. கான்ஃபரன்ஸ் எப்போதும் முதலாவது என்று சொல்லும், போகிறவர் எப்போதும் இரண்டாவது என்று சொல்வார். அதே ஆள் நேற்று உள்ளே இருந்தபோது முதலாவதைத்தான் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

நல்ல உதாரணம் மேரிலாண்ட். 2012 செப்டம்பரில் ஏசிசி தன் கட்டணத்தைச் சுமார் 2 கோடி டாலரிலிருந்து, வருடச் செலவு பட்ஜெட்டின் மூன்று மடங்காக ஏற்றியது. அதாவது சுமார் 5.2 கோடி. எதிர்த்து ஓட்டுப் போட்டவை இரண்டே கல்லூரிகள், மேரிலாண்டும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும். (இரண்டாவது பெயரை நினைவில் வையுங்கள்.) அதே நவம்பரில் மேரிலாண்ட் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. பணமில்லாமல் அந்த வருடம்தான் ஏழு விளையாட்டு அணிகளை மூடியிருந்த கல்லூரி அது. ஏசிசி வட கரோலினாவில் வழக்குப் போட்டது, கையோடு மேரிலாண்டுக்குச் சேரவேண்டிய பங்கையும் நிறுத்தி வைத்தது. மேரிலாண்ட் பதிலுக்கு 15.7 கோடி கேட்டது. கடைசியில் 2014 ஆகஸ்டில் சுமார் 3.1 கோடிக்குச் சமரசம். நிறுத்தி வைத்த பணமே அந்தத் தொகை, ஏசிசி அதை அப்படியே வைத்துக்கொண்டது, மேரிலாண்ட் புதிதாகக் காசோலை எழுதவில்லை.

5.2 கோடி நியாயமான மதிப்பீடா அபராதமா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் இறுதிப் பதில் வரவே இல்லை.

அப்படியென்றால் முழுத் தொகையை யாரும் கட்டுவதில்லையா?

பெரிய வழக்குகளில் பேரம்தான். நெப்ராஸ்கா 2011இல் பிக் 12ஐ விட்டுப் போனபோது 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. மறு வருடம் மிசௌரியும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் தலா சுமார் 1.24 கோடிக்குப் போயின. சீக்கிரம் போகவேண்டும் என்ற அவசரம் இருந்தால் விதியில் உள்ளதைவிட அதிகமும் கட்டுவார்கள். அமெரிக்கன் என்ற பெயருள்ள இன்னொரு கான்ஃபரன்ஸில் 1 கோடி டாலரும் 27 மாத அவகாசமும் என்றுதான் விதி இருந்தது. ஹூஸ்டன், சின்சினாட்டி, யூசிஎஃப் மூன்றும் 2023லேயே பிக் 12இல் சேரத் தலா 1.8 கோடிக்கு ஒத்துக்கொண்டன.

கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை, அதுதான் உண்மையான மூக்கணாங்கயிறு. ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை இத்தனை வருடத்துக்கு என்று கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுத்துவிடும். நடுவில் கல்லூரி வேறு இடத்துக்குப் போனாலும் உரிமை பழைய இடத்திலேயே இருக்கும். டிவி உரிமை இல்லாத அணியைப் புதுக் கான்ஃபரன்ஸ் எதற்குச் சேர்க்கும்? மேரிலாண்ட் போன அனுபவத்துக்குப் பிறகு ஏசிசி உறுப்பினர்கள் 2013 ஏப்ரலில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள். 2016இல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலோடு புது ஒப்பந்தம் போட்டபோது அதை 2036 வரை நீட்டினார்கள். இருபது வருடம்! யார் வக்கீல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாரோ.

டெக்சஸும் ஓக்லஹோமாவும் 2021 ஜூலையில் எஸ்இசிக்குப் போவதாகச் சொன்னபோதும் இதே கயிறு 2025 வரை இருந்தது. ஒரு வருடம் முன்னதாக, 2024லேயே போக, இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் வருமானத்தை விட்டுக்கொடுத்தன. பணத்தில் புரளும் கல்லூரிகளே ஒரே ஒரு வருடத்தை விலை கொடுத்து வாங்க அவ்வளவு ஆகிறது.

ஃப்ளோரிடா ஸ்டேட் வழக்கு எதைப் பற்றி? என்ன முடிவு வந்தது?

2023இல் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 13-0 என்று ஏசிசி சாம்பியன் ஆனது. அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸ் மட்டும் சீசன் முடிவில் காயத்தால் வெளியே இருந்தார். டிசம்பர் 3 அன்று தேசிய சாம்பியனை முடிவு செய்யும் ப்ளேஆஃபுக்கு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தபோது இவர்களை விட்டுவிட்டு, ஒரு ஆட்டம் தோற்றிருந்த எஸ்இசியின் அலபாமாவைச் சேர்த்தார்கள். ஏசிசியில் ஜெயித்து என்ன பயன் என்று அங்கே கொதித்துப் போனார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் கிளம்பும் திட்டம் அதற்கு வெகு முன்பே இருந்தது.

டிசம்பர் 22 அன்று ஃப்ளோரிடா ஸ்டேட் தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. இது தெரிந்து ஏசிசி ஒரு நாள் முந்திக்கொண்டு வட கரோலினாவில் போட்டிருந்தது, ஏனென்றால் எந்த மாநில நீதிபதி விசாரிக்கிறார் என்பதே பாதி வழக்கு. வெளியேறும் கட்டணம் சுமார் 13 கோடி, ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு, இழக்கும் பங்குகள் எல்லாம் சேர்த்தால் தங்களை 57.2 கோடி டாலர் கேட்கிறார்கள், இது அபராதம் தவிர வேறென்ன என்பது அவர்கள் வாதம். 2024 மார்ச்சில் இன்னொரு ஏசிசி கல்லூரியான க்ளெம்சன் தென் கரோலினாவில் தன் பங்குக்கு ஒன்று போட, ஏசிசி மறுநாளே பதில் வழக்குப் போட, மூன்று மாநிலங்களில் நான்கு வழக்குகள் ஆயின. வக்கீல்களுக்கு நல்ல காலம்.

2025 மார்ச் 4 அன்று சமரசம். கட்டணம் 2025-26இல் 16.5 கோடி டாலர், பிறகு வருடத்துக்கு 1.8 கோடி குறைந்துகொண்டே வந்து 2030-31இல் 7.5 கோடியில் நிற்கும். அதைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம். இருபது வருடக் கயிறு அங்கேயே அவிழ்ந்தது. கூடவே டிவி பணத்தில் 60 சதவீதத்தைப் பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரிப்பது, 40 சதவீதத்தை மட்டும் சமமாகப் பிரிப்பது என்றும் முடிவானது. ஃபுட்பாலைப் பெரிதாக யாரும் பார்க்காத கல்லூரிகளுக்கு இதில் அடி, ஆனால் கான்ஃபரன்ஸ் உடைந்தால் அதைவிடப் பெரிய அடி என்பதால் ஒத்துக்கொண்டார்கள். கட்டணத்தை எதிர்த்து 2012இல் ஓட்டுப் போட்ட இருவரில் ஒருவர் உடனே போனார், இன்னொருவர் பதிமூன்று வருடம் கழித்து விலையையே மாற்றிவிட்டார்.

7.5 கோடி டாலர் பெரிய தொகை இல்லையா? அதுவே தடுக்காதா?

டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற ஃபுட்பால் கோச்சை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கு மேல். ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பவே அவ்வளவு கொடுக்கிறவர்கள், வருடத்துக்கு 3 கோடி அதிகம் தரும் இடத்துக்குப் போக அதே தொகையைக் கட்ட யோசிப்பார்களா? இரண்டரை வருடத்தில் திரும்ப வந்துவிடும்.

கட்டணமே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

பேக்-12 ஆகும். 1915இல் வேர் கொண்ட மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸ் அது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையைக்கூட இவ்வளவு வேகமாகச் சொல்ல முடியாது. 2022 ஜூன் 30 அன்று யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. டிவி ஒப்பந்தம் 2024இல் முடிகிறது, ஒளிபரப்பு உரிமையும் அப்போதே விடுபடுகிறது, பெரிதாகக் கட்டவேண்டிய வெளியேறும் கட்டணமும் கிடையாது. ஒப்பந்தம் முடியும் நாளுக்குப் பெட்டி கட்டி வைத்துவிட்டார்கள். அடுத்த ஒரு வருடம் புது டிவி ஒப்பந்தம் தேடியும் ஆப்பிள் ஸ்ட்ரீமிங்கைத் தவிர உருப்படியாக எதுவும் கையில் இல்லை. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பிக் 12க்குப் போனது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசிக்கு.

மிஞ்சியவை இரண்டு, ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும். போகிறவர்கள் பத்துப் பேரும் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்துகொண்டு இருக்கிற பணத்தையும் பிரித்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து இருவரும் வாஷிங்டன் மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். விலகல் அறிவித்தவருக்குக் குழுவில் ஓட்டு இல்லை என்ற விதி அவர்களைக் காப்பாற்றியது. 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுக்க, பத்துப் பேரும் தலா 65 லட்சம், மொத்தம் 6.5 கோடி டாலரை விட்டுக்கொடுத்து வெளியேறினார்கள்.

வெளியேறும் கட்டணமே அநியாயம் என்று பேசுபவர்களிடம் நான் கேட்பது இந்த இருவரைப் பற்றித்தான். இரண்டு கல்லூரிகளின் ஆட்டத்திலும் கல்வியிலும் ஒரு குறையும் இல்லை. சின்ன ஊர்கள், டிவி சந்தை சிறியது, அவ்வளவுதான். அவர்கள் வழக்குப் போட்டுப் போராடி வாங்கிய தொகை, முன்பே எழுதி வைத்திருந்தால் சண்டையில்லாமல் வந்திருக்கும்.

ஆள் பிடிக்கும் கட்டணம் என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறதாமே?

ஆமாம், இது அடுத்த கட்டம். தனித்து நின்ற அந்த இருவருக்கும் 2024 சீசனில் ஆட எதிரணி வேண்டும். மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் தலா ஆறு ஆட்டம் தர ஒத்துக்கொண்டது, விலை மொத்தம் 1.4 கோடி டாலர். கூடவே ஒரு நிபந்தனை: எங்கள் உறுப்பினரை நீங்கள் இழுத்தால் முதல் ஆளுக்கு 1 கோடி, அடுத்தடுத்த ஆளுக்கு ஐந்தைந்து லட்சம் கூடும். பேக்-12 கையெழுத்துப் போட்டது. 2024 செப்டம்பரில் பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், பிறகு யூட்டா ஸ்டேட் என்று ஐந்து பேரை இழுத்தது. கணக்குப் போட்டால் 5.5 கோடி. உடனே, நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து இது, போட்டியைத் தடுக்கும் நிபந்தனை என்று பேக்-12 கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது.

கவனியுங்கள், இதைக் கட்டவேண்டியது இழுத்த கான்ஃபரன்ஸ். போன கல்லூரிகள் தலா சுமார் 1.8 கோடி வெளியேறும் கட்டணம் கட்டவேண்டும் என்பது தனி. அதை எதிர்த்து கொலராடோ ஸ்டேட்டும் யூட்டா ஸ்டேட்டும் டென்வரில் வேறு வழக்குப் போட்டன. மவுண்டன் வெஸ்ட்டோ, இன்னும் கைக்கு வராத அந்தப் பணத்தைக் காட்டியே, ஓடிப்போகாமல் இருக்க தன் உறுப்பினர்களான யுஎன்எல்விக்கும் ஏர் ஃபோர்ஸ் அகாடமிக்கும் தலா 2 கோடிக்கு மேல் தருவதாகச் சொல்லிப் பிடித்து வைத்தது. போனவன் கட்டும் கட்டணம் இருப்பவனுக்கு ஊக்கத்தொகை ஆனது. இந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் தலை சுற்றியது.

பேக்-12 மேல் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் இந்த வாதத்தில் இல்லை. தன்னைச் சூறையாடியவர்கள் பணம் தரவேண்டும் என்று கேட்ட அதே ஆட்கள், தாங்கள் சூறையாடும்போது அந்த நிபந்தனை செல்லாது என்றால் எப்படி?

இந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள்? மாணவர்களின் ஃபீஸிலிருந்தா?

நேரடியாகக் காசோலை எழுதுவது குறைவு. பழைய கான்ஃபரன்ஸ் கடைசிப் பங்கைக் கொடுக்காமல் பிடித்துக்கொள்ளும். மீதிக்குப் பணக்காரப் பழைய மாணவர்கள், கடன், அல்லது தடகளத் துறையின் எதிர்கால வருமானம். சில இடங்களில் பல்கலைக்கழகத்தின் பொது நிதியும் மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணமும் தடகளத் துறைக்குப் போகின்றன என்பதால், உங்கள் கேள்வி தப்பான கேள்வி இல்லை. மேரிலாண்ட், ஃப்ளோரிடா ஸ்டேட் எல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

டல்லாஸில் உள்ள எஸ்எம்யூ தனியார் பல்கலைக்கழகம், அவர்கள் செய்தது வேறு ரகம். அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு 2.5 கோடி கட்டிவிட்டு, ஏசிசியில் ஒன்பது வருடத்துக்கு டிவி பங்கே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தார்கள். ஊர்ப் பணக்காரர்கள் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் முதல் ஏழு வருடம் 30 சதவீதப் பங்குக்குச் சம்மதித்தன. இதுவும் ஒருவகைக் கட்டணம்தான், வெளியேற இல்லை, உள்ளே நுழைய.

யுசிஎல்ஏ விஷயம் இன்னும் வேடிக்கை. அதுவும் பெர்க்லியும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பின் கீழ் வருபவை. யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு நஷ்டம் என்று சொல்லி, வருடத்துக்கு 1 கோடி டாலர் யுசிஎல்ஏ பெர்க்லிக்குத் தரவேண்டும் என்று மேலிருக்கும் ரீஜன்ட்ஸ் குழு 2024இல் முடிவு செய்தது. எந்தக் கான்ஃபரன்ஸ் விதியிலும் இல்லாத கட்டணம் இது.

விளையாடும் மாணவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது?

விமானப் பயணம். யுசிஎல்ஏவிலிருந்து அதே கான்ஃபரன்ஸில் இருக்கும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர். ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடும், அவர்களுக்குப் பரவாயில்லை. வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைகள் வாரநாளில் பரீட்சையையும் வைத்துக்கொண்டு இப்படிப் பறக்கிறார்கள், அவர்கள் விளையாட்டுக்கு இந்த டிவி பணத்தில் சம்பந்தமே இல்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசப்படி கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், 2025-26இல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அந்த 2.05 கோடியைத் தேடத்தான் அடுத்த தாவலே நடக்கும் என்பது வேறு.

என் மகள் படிக்கும் கல்லூரி கான்ஃபரன்ஸ் மாறுகிறது. அவள் பட்டத்துக்கோ விசாவுக்கோ ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. கல்வி அங்கீகாரத்துக்கும் கான்ஃபரன்ஸுக்கும் தொடர்பே இல்லை. விளையாட்டுக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்களா என்று மட்டும் ஃபீஸ் ரசீதைப் பாருங்கள்.

சரி, கட்டணம் வேண்டுமா வேண்டாமா? உங்கள் கட்சி எது?

வேண்டும், ஆனால் பூட்டாக வேண்டாம். போகவேண்டும் என்று முடிவெடுத்த கல்லூரியை எந்தத் தொகையும் நிறுத்தவில்லை. மேலே சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் போகிறவர் போய்த்தான் இருக்கிறார், இல்லை விலையைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டணத்தால் உருப்படியாக நடப்பது ஒன்றுதான்: விட்டுப் போகப்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்கப் பணம். அதற்குத் தகுந்த தொகையாக, வருடத்துக்கு வருடம் குறைவதாக, முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிவதாக இருந்தால் போதும். அந்த வகையில் ஏசிசியின் 2025 ஏற்பாடு மோசமில்லை என்பேன். 57.2 கோடி என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு 2036 வரை யாரும் அசையக்கூடாது என்பது யாருக்கும் உதவாது, வக்கீல்களைத் தவிர.

அடுத்த பெரிய தாவல் எப்போது?

பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 2029-30 சீசனோடு முடிகிறது. பிக் 12 ஒப்பந்தம் 2030-31 வரை, ப்ளேஆஃப் ஒப்பந்தம் 2031-32 வரை. ஏசிசியின் கட்டணம் 7.5 கோடிக்கு இறங்கி நிற்பதும் 2030-31இல்தான். இது தற்செயல் என்று க்ளெம்சனிலோ ஃப்ளோரிடா ஸ்டேட்டிலோ யாரும் நம்பமாட்டார்கள். எஸ்இசியின் இஎஸ்பிஎன் ஒப்பந்தம் மட்டும் 2034 வரை ஓடுகிறது. ஆகவே 2029 கோடையிலிருந்து வதந்திகள் ஆரம்பிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முன்பே இந்தப் பக்கத்தை இரண்டு மூன்று தடவை திருத்தவேண்டி வரும்.